சாயம் போகுமா?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் நீலாய் 3 மொத்த விற்பனைக் கடைகளுக்குப் போனால், காரை நிறுத்த இடம் பிடிப்பதே பெரும்பாடு. கம்பளம் ஒரு வரிசை, திரைச்சீலை ஒரு வரிசை, அதைத் தாண்டினால் துணிச் சுருள்கள். ஆள் உயரத்துக்கு நிமிர்த்தி வைத்த சுருள்களுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். ரயா பெருநாளுக்குக் குடும்பமே ஒரே நிறத்தில் பாஜு தைத்துக்கொள்ளும் மலாய்க்காரர்கள் முந்தைய வரவு. அடுத்த வரவு நம்மவர்கள். கிள்ளான், காஜாங், சிரம்பான், மந்தின் என எல்லாப் பக்கமிருந்தும் வந்து சேர்கிறார்கள்.

துணியை விரலிடுக்கில் வைத்துக் கசக்கிப் பார்த்துவிட்டு நம் அக்காமார்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, சாயம் போகுமா?"

"போகாதுக்கா. எத்தன தடவ மெஷின்ல போட்டாலும் இப்படியேதான் இருக்கும். அயர்ன்கூட வேணாம்."

தம்பி சொல்வது பொய்யில்லை. அது பாலியெஸ்டர். நம் வீட்டு வாளியில் சாயம் இறங்காது. துணி நீலாய்க்கு வருவதற்கு முன்பே, வேறு யாருடைய ஆற்றிலோ இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி முடிந்திருக்கும். அந்த ஆறுகளில் ஒன்றின் கதை தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டியது. ஆனால் மலேசியாவில் நாம் அதை அதிகம் பேசுவதில்லை.

நொய்யல்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிற சிறிய ஆறு நொய்யல். அதன் கரையில் உட்கார்ந்திருக்கிற திருப்பூர்தான் இந்தியாவின் பின்னலாடைத் தலைநகரம். அப்பாவின் பனியனும் பிள்ளைகளின் டி-சட்டையும் அங்கிருந்து வந்தவையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பருத்திக்குச் சாயம் ஏற்றும் முறையைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால்தான் அந்த ஆற்றுக்கு என்ன ஆயிற்று என்பது புரியும். பின்னி வந்த துணி முதலில் வெளுக்கப்படுகிறது. பிறகு சாயத் தொட்டி. பருத்தி நாரும் சாயமும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று விலக்கும் இயல்புடையவை. அந்த விலக்கத்தை உடைத்துச் சாயத்தை நாருக்குள் தள்ள உப்பு வேண்டும். அடர்ந்த கருப்போ, கருநீலமோ, ரத்தச் சிவப்போ வேண்டுமென்றால் ஒரு லிட்டர் சாயநீருக்கு 60 முதல் 80 கிராம் உப்பு போட வேண்டியிருக்கும். கடல் நீரில்கூட லிட்டருக்கு 35 கிராம்தான். இந்த உப்பில் ஒரு பொட்டுகூடத் துணியில் தங்காது. வேலை முடிந்ததும் அவ்வளவும் கழிவுநீரோடு வெளியே போக வேண்டும். கூடவே, நாரில் ஒட்டாமல் மிஞ்சிய சாயமும் போகும். நிறம் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் நிறத்தைப் பற்றியே பேசினார்கள். நிலத்தைக் கொன்றது கண்ணுக்குத் தெரியாத உப்பு.

1980களில் ஏற்றுமதி சூடு பிடித்ததும் சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஒரத்துப்பாளையத்தில், பாசனத்துக்காக அரசு ஓர் அணை கட்டியது. 1992இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. மழைநீர் தேங்க வேண்டிய அணையில் சாயக்கழிவு தேங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்புக் கரித்தன, தென்னை காய்ந்தது, மாடு அந்தத் தண்ணீரில் வாய் வைக்க மறுத்தது. எந்த விவசாயிகளுக்காக அணை கட்டப்பட்டதோ, அதே விவசாயிகள் "எங்களுக்கு இந்த அணையில் தண்ணீரே தேக்க வேண்டாம்" என்று கேட்கும் நிலை வந்தது. அணை கட்டித் தரச் சொல்லிப் போராடிய ஊர்களை நாம் அறிவோம். காலியாக வைக்கச் சொல்லிப் போராடிய ஊர் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

1990களின் நடுவில் தொடங்கிய நீதிமன்றப் போராட்டம் பதினைந்து ஆண்டுகள் நீண்டது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் (ஆற்றுப் பாசன விவசாயிகள்) தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுகூட ஆற்றுக்குப் போகக்கூடாது என்றது. வெளியேறும் ஒவ்வொரு லிட்டர் கழிவுக்கும் இத்தனை பைசா என்று அபராதமும் விதித்தது. சாயப்பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கும் தோற்றார்கள். அப்படியும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஊரே ஸ்தம்பித்தது. வேலை தேடி வந்தவர்கள் மூட்டை கட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்மையாகவே இயங்கத் தொடங்கின. கழிவுநீரை நுண்ணுயிர்களைக் கொண்டு தெளிய வைத்து, சவ்வு வழியாக அழுத்தித் தள்ளி, நல்ல நீரைப் பிரித்துப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். மிஞ்சும் உப்புக் கரைசலைக் கொதிக்க வைத்து உப்பைத் தனியே எடுக்கிறார்கள். எடுத்த உப்பில் ஒரு பகுதி மறுபடி சாயத் தொட்டிக்குப் போகிறது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இலவசம் இல்லை. கொதிகலனுக்கு விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும். எதற்கும் ஆகாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடங்கில் சேர்கிறது; அதை என்ன செய்வதென்று இன்றுவரை சரியான வழி பிறக்கவில்லை. திருப்பூரில் கெடுபிடி என்றதும் ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் காவிரியிலும் பவானியிலும் இரவோடு இரவாகக் கழிவைத் திறந்துவிடும் பட்டறைகள் பற்றிய செய்தி இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. நொய்யலுக்காக நடந்த போராட்டத்தில் துணி வாங்குகிறவர்களின் பங்கு என்று எதுவுமே இல்லை. ஐரோப்பாவில் டி-சட்டை வாங்கியவருக்கும் தெரியாது, நீலாயில் வாங்கியவருக்கும் தெரியாது. விடாப்பிடியாக வழக்காடிய விவசாயிகளும், அவர்களுக்குச் செவி சாய்த்த நீதிமன்றமும் செய்த வேலை அது. 'பார்த்து வாங்குங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள்' என்று வாங்குகிறவர் தலையிலேயே பாரத்தை ஏற்றும் பிரசாரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரத்துப்பாளையம்தான் ஞாபகம் வருகிறது.

நம் கையும் சுத்தமில்லை

மலேசியாவிலும் துணித் தொழில் உண்டு. ஜொகூரின் பத்து பகாட் நெசவுக்கும் பின்னலாடைக்கும் பேர்போனது. பினாங்கில் 1970களிலிருந்து பெரிய ஆலைகள் இயங்குகின்றன. சட்டமும் இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், ஆலைக் கழிவுநீரில் நிறம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்குக்கூட 2009இல் அளவு வகுத்தார்கள். 2024இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, அபராதத்தின் உச்ச வரம்பை ஒரு கோடி வெள்ளி வரை உயர்த்தினார்கள்.

ஆலைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தும். கிளந்தான், திரங்கானு வீடுகளின் பின்புறம் நடக்கும் பாத்திக் பட்டறைகளில் கதை வேறு. மெழுகும் சாயமும், சாயத்தைப் பிடித்து நிறுத்தப் பூசும் சிலிகேட்டும் கலந்த தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போவதை உள்நாட்டு ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்காக எழுதி வருகிறார்கள். நாட்டின் பெருமை என்று வியாழக்கிழமைகளில் அரசு ஊழியர் உடுத்தும் துணி என்பதாலோ என்னவோ, அதை யாரும் உரக்கப் பேசுவதில்லை.

நம் நாட்டு நிறுவனம் வெளிநாட்டில் விட்டுவந்த கணக்கும் ஒன்று பாக்கி இருக்கிறது. பத்து பகாட்டில் வளர்ந்த ராமாடெக்ஸ் குழுமம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக்கில் பெரிய ஆலை ஒன்றைத் திறந்தது. தண்ணீருக்குத் தவிக்கும் பாலைவன நாடு அது. ஆலைக் கழிவுநீர்க் குளங்களால் நிலத்தடி நீர் கெடுகிறது என்ற புகார் தொடக்கத்திலிருந்தே எழுந்தது. 2008இல் ஆலை திடீரென்று மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். திருப்பூரைக் கை நீட்டிக் காட்டும்போது இதையும் மறக்கக்கூடாது.

தோட்டத்தில் ஒரு சேலையின் ஆயுள்

துணி எங்கிருந்து வருகிறது என்பது பாதிக் கதைதான். எங்கே போகிறது என்ற மறுபாதியை விளங்கிக்கொள்ள நீலாயைவிட நல்ல இடம் இல்லை. இன்று அடுக்குமாடியும் பல்கலைக்கழகமும் தொழிற்பேட்டையுமாக இருக்கும் இந்த வட்டாரம், ஒரு தலைமுறைக்கு முன்பு முழுக்கத் தோட்டக்காடு. பத்தாங் பெனார், லாபு, பாஜாம் பக்கமெல்லாம் பால்மரமும் பிறகு செம்பனையும். பண்டார் பாரு நீலாய் எழும்பியதும், 1998இல் பக்கத்துச் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்ததும், லயங்கள் காணாமல் போயின. லயத்துச் சனம் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போய்விட்டது. ஆனால் அறுபது வயதைத் தாண்டிய எவரைக் கேட்டாலும் தோட்டத்துத் துணியின் கதையைச் சொல்வார்கள்.

துணி தோட்டத்துக்குச் சைக்கிளில் வந்தது. பின்னாளில் மோட்டாரில். மூட்டையைக் கட்டிக்கொண்டு வரும் துணிக்காரர் லயத்து வாசலில் விரித்துப் போடுவார். வாங்கியதைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போய், சம்பளத்தன்று வந்து கொஞ்சம் கொஞ்சமாக வசூலிப்பார். தீபாவளிக்கு ஒரே பீஸில் வெட்டிய துணியில் பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கவுன், பையன்களுக்குச் சட்டை, மிச்சத்தில் தலையணை உறை. வரிசையாக நிற்க வைத்தால் பள்ளிக்கூட அணி மாதிரி இருக்கும்.

ஒரு பருத்திச் சேலையின் பயணம் நீளமானது. முதல் வருஷம் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும். நிறம் மங்கியதும் வீட்டுக்கு. அதற்குப் பிறகு வேலைக்காட்டுக்கு. விடியுமுன் பெரட்டில் பேர் கொடுக்கப் போகும் பெண், பழைய கைலியையோ பாவாடையையோ கட்டி, மேலே புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வாள். கொசுவுக்கு அதுதான் மருந்து. ரப்பர் பால் பட்ட கறை எதற்கும் போகாது. காய்ந்து கருத்து, சட்டையின் முன்பக்கம் தோல் மாதிரி விறைத்துவிடும். ஆகவே வேலைச் சட்டை என்பது எப்போதும் கடைசிச் சட்டைதான்.

வேலைக்காட்டுக்குப் போகாத சேலை தொட்டிலாயிற்று. உத்தரத்தில் ஸ்பிரிங் மாட்டி, நாலாக மடித்த பழஞ்சேலையில் பிள்ளை தூங்கியது. தொட்டில் நைந்தால் கிழித்துக் குழந்தைக்குக் கோவணத் துணி. அதுவும் போனால் அடுப்படிக் கரித்துணி, வாசலில் கால் மிதி. கடைசியில் அடுப்பு. சாம்பல் பாத்திரம் துலக்க. மாவுச் சாக்கைப் பிரித்து வெளுத்து, முத்திரை எழுத்து போயும் போகாமல், அதில் கால்சட்டை தைத்த கதையும் உண்டு. ஜப்பான்காரன் காலத்தில், 1942க்கும் 1945க்கும் இடையில், துணியே கிடைக்காமல் கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டு நின்றவர்களின் பிள்ளைகள் இவர்கள். அந்தப் பயம் கையில் தங்கியிருந்தது.

இதைப் பார்த்து 'அந்தக் காலத்து மக்கள் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தார்கள்' என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு எரிச்சல்தான் வரும். அது வறுமை. மாற்றுச் சேலை இல்லாததை யாரும் கொண்டாட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டிய சங்கதி வேறு: அந்தத் துணியின் இயல்பே அத்தனை வேலைக்கும் இடம் கொடுத்தது. பருத்தி ஈரத்தை உறிஞ்சும். உடுத்த முடியாமல் போனாலும் துடைக்கும், தாங்கும், மக்கும்.

நீலாய் 3இல் அந்தத் தம்பி விற்ற பாலியெஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அது கச்சா எண்ணெயிலிருந்து இழுத்த நூல். நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அதற்குச் சாயமேற்ற உப்பு தேவையில்லை. சுமார் 130 பாகை வெப்பத்தில் அழுத்தி ஏற்றுகிறார்கள். சாயம் போகாததற்கும் அதுவே காரணம். ஆற்றைப் பொறுத்தவரை பருத்தியைவிட அது கொஞ்சம் சாதுதான். ஆனால் பழசான பாலியெஸ்டர் சேலையை வைத்து என்ன செய்வது? தொட்டில் கட்டினால் குழந்தைக்கு வியர்த்துக் கொட்டும். தரையைத் துடைத்தால் தண்ணீரைத் தள்ளுமே தவிர உறிஞ்சாது. அடுப்பில் போட்டால் உருகிக் கறுப்புப் புகை கக்கும். மண்ணில் புதைத்தால் மக்காது. துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இழைத் துணுக்குகள் உதிர்ந்து சாக்கடைக்குப் போகும். முதல் வேலை முடிந்தால் அதற்கு இரண்டாவது வேலை கிடையாது. நம் பாட்டிமார் அறியாத பிரச்சினை இது. பழஞ்சேலை ஒன்றை என்ன செய்வதென்று தெரியாமல் அவர்கள் ஒரு நாளும் விழித்ததில்லை.

2000ஆம் ஆண்டில் உலகம் உற்பத்தி செய்த நாரிழை சுமார் 5 கோடியே 80 லட்சம் டன். 2023இல் அது சுமார் 12 கோடியே 40 லட்சம் டன். இரண்டு மடங்குக்கும் மேல். இதில் பாதிக்கும் மேல், 57 விழுக்காடு, பாலியெஸ்டர். பருத்தி ஐந்தில் ஒரு பங்கு. 'மறுசுழற்சி பாலியெஸ்டர்' என்று பச்சை அட்டை தொங்கவிட்டு விற்கிறார்களே, அதில் மிகப் பெரும்பகுதி பழைய தண்ணீர்ப் போத்தலை உருக்கி எடுத்த நூல். பழைய துணியிலிருந்து புதுத் துணி என்பது நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்து நெய்துவிட்டால் பிரிப்பது இன்னும் கஷ்டம்.

எண்கள் பற்றி ஒரு வார்த்தை. 'உலகை மாசுபடுத்துவதில் எண்ணெய்க்கு அடுத்து ஆடைத் தொழில்தான் இரண்டாவது' என்று வாட்சப்பில் வலம் வருகிறதல்லவா? தேடிப் போனவர்கள் அதற்கு உருப்படியான மூலம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. பசுங்கூட வாயு வெளியேற்றத்தில் ஆடைத் தொழிலின் பங்கு 2 முதல் 8 விழுக்காடு என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் சொல்கிறது. இவ்வளவு அகலமான கணக்கே, துல்லியமாக யாருக்கும் தெரியாது என்பதன் ஒப்புதல்தான். நொய்யல் விவசாயிகளுக்கு உலகக் கணக்கு தேவைப்படவில்லை. தங்கள் கிணற்றுத் தண்ணீரை நீதிமன்றத்துக்குக் காட்டினார்கள். அது போதுமானதாக இருந்தது.

பெட்டியில் போட்டால் போதுமா?

நம் நாட்டில் பழந்துணி போகும் வழிகள் மூன்று. ஒன்று பண்டல் கடை. ஜப்பான்காரர்கள் கழித்துப் போடும் உடைகளை அதிகமாக வாங்கும் நாடு மலேசியா. அவற்றைத் தரம் பிரித்து விற்பதும், மிஞ்சியதை மற்ற நாடுகளுக்கு அனுப்புவதும் இங்கே பெரிய வியாபாரம். பண்டல் என்றால் முகம் சுளித்த காலம் போய், 2016இலிருந்து பேரங்காடி அளவுக்குக் குளிர்சாதனக் கடைகளே வந்துவிட்டன. பிள்ளைகள் ஆசையாகப் போகிறார்கள். நல்லதுதான்.

இரண்டாவது, சேகரிப்புப் பெட்டி. கிளாத் கேர்ஸ் என்ற சமூக நிறுவனம் 2018இலிருந்து இதைச் செய்கிறது. உடுத்தக்கூடியதை மறுவிற்பனைக்கும், பருத்தியை வொர்க்‌ஷாப்களில் எண்ணெய் துடைக்கவும் பிரிக்கிறார்கள். எதற்கும் ஆகாததை ஆலைகளுக்கு எரிபொருளாக்குகிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெட்டியில் போட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் அடுத்த வாரமே இன்னும் இரண்டு செட் வாங்குகிறோமே, அங்கேதான் இடிக்கிறது. பெட்டியில் போட்ட துணி கப்பலேறி, கானாவின் அக்ராவிலுள்ள கந்தமாந்தோ போன்ற சந்தைகளுக்குப் போய், அங்கே விற்காமல் அந்த ஊர்க் கடற்கரையில் ஒதுங்கினால், குப்பை இடம் மாறியது என்பதுதான் கணக்கு.

மூன்றாவது வழி, எல்லோரும் போகிற வழி: குப்பைத் தொட்டி. நீலாய் இருக்கும் நெகிரி செம்பிலான், 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தை ஏற்ற மாநிலம். 2015 செப்டம்பரிலிருந்து வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது இங்கே கட்டாயம். அந்த விதிப்படி துணிக்கும் தனியிடம் உண்டு. கண்ணாடி, டின், காலணியோடு சேர்த்து 'மற்றவை' என்ற வகை. எத்தனை வீட்டில் அப்படிப் பிரிக்கிறார்கள் என்று உங்கள் தாமானில் நீங்களே எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மிச்சம் புதைகுழிக்குப் போகிறது. போர்டிக்சன் வட்டாரத்தில் உள்ள புதைகுழியின் பெயர் லாடாங் தானா மேரா. பெயரிலேயே தோட்டம் இருக்கிறது.

பிரான்சில் 2007லேயே ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். துணியைச் சந்தைக்குக் கொண்டு வருகிறவர், அது குப்பையாகும்போது அதைச் சேகரிக்கும் செலவில் பங்கு தர வேண்டும். ஒவ்வோர் உருப்படிக்கும் சில்லறைக் காசுதான். 2025இலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் துணிக் குப்பையைத் தனியாகச் சேகரிப்பது கட்டாயம். தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் செலவை ஏற்கும் முறையும் அங்கே எல்லா நாட்டுக்கும் வருகிறது. விற்காமல் தேங்கிய புது உடைகளைப் பெருநிறுவனங்கள் அழிப்பதற்கும் தடை விதித்தாயிற்று. நம் ஊருக்கு வரும் துணியில் பெரும்பகுதி கிள்ளான் துறைமுகம் வழியாகத்தான் இறங்குகிறது. பொருள் எது, நூல் எது, எடை எவ்வளவு என்று சுங்கத் தாளில் எழுதித்தான் இறங்குகிறது. கிலோவுக்குச் சில காசு அங்கேயே வாங்கிக்கொள்வதில் தொழில்நுட்பச் சிக்கல் ஏதுமில்லை. பாலியெஸ்டருக்குக் கொஞ்சம் அதிகம், மறுபடி பயன்படும் பருத்திக்குக் கொஞ்சம் குறைவு என்று வைக்கவும் இடமுண்டு. அந்தக் காசை வைத்து ஒவ்வொரு தாமானிலும் துணிக்கென்று தனி வண்டி விடலாம். தரம் பிரிக்க ஆளுக்குச் சம்பளம் கொடுக்கலாம்.

விலை ஏறும், சிறு வியாபாரி செத்துப்போவான், வாடிக்கையாளர் இணையத்தில் நேரே சீனாவிலிருந்து தருவித்துக்கொள்வார் என்று எதிர்ப்பு வரும். கடைசியாகச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தபாலில் வரும் பொட்டலத்துக்கும் அதே கட்டணம் போடாமல் இதைத் தொடங்கவே கூடாது. மற்ற இரண்டு வாதங்களையும் திருப்பூர் சாயப்பட்டறைக்காரர்கள் பதினைந்து ஆண்டுகள் நீதிமன்றத்தில் சொன்னார்கள். கழிவைச் சுத்தம் செய்யச் சொன்னால் தொழில் அழியும் என்றார்கள். பட்டறைகள் மூடப்பட்ட 2010-11 நிதியாண்டில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி சுமார் 12,500 கோடி ரூபாய். 2024-25இல் அது சுமார் 40,000 கோடி. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் செத்துப்போன தொழிலின் கணக்கு இப்படி இருக்காது.